சலவை இயந்திரமும் வீட்டு மின் கம்பியும்

தணிக்கையின் பொருட்டு அங்கத்தினர் இல்லங்களுக்குச் செல்லுங்கால், முன்னாளில் தறியும் இராட்டையும் மட்டுமே கண்ட கூடங்களில் இன்று சலவை இயந்திரத்தையும் காண்கிறோம். இதனை ஆடம்பரமென்று பழிக்க நாம் உடன்படோம். பகலெல்லாம் தார் சுற்றியும் களை எடுத்தும் களைத்த பெண்மணிக்கு, துவைகல்லருகே கழியும் நேரத்தை மீட்டுத் தரும் கருவி எதுவாயினும் அது குடும்பத்திற்கு வரவே. எமது கவலை வேறு. இயந்திரம் வீட்டிற்கு வருகிறது. அதனைத் தாங்கும் மின் கம்பி வருவதில்லை.

அண்மையில் ஓர் அங்கத்தினர் தீபாவளி போனசுடன் நகைக் கடனும் சேர்த்து, தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார். அதன் பருத்த பிளக்கு சுவரிலிருந்த சிறிய துளைகளில் பொருந்தாமையால், கடையில் விற்கும் இடைப் பிளக்கு ஒன்றைச் செருகியிருந்தனர். தொட்டால் ‘சுருக்’கென்கிறது என்றும், ஆகையால் மணைப் பலகையில் நின்றே துணி எடுப்பதாகவும் வீட்டு அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மின் பணியாளரை அழைத்துப் பார்த்ததில், அவ்வீட்டில் எர்த் கம்பியே இல்லையென்பது தெரிந்தது.

நம் நாட்டு வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஒருமுனை மின்சாரம். 230 வோல்ட், 50 சைக்கிள். இங்கு விற்கும் சலவை இயந்திரங்கள் அதற்கெனவே செய்யப்பட்டவை. சுழற்றும் மோட்டார் மட்டுமே உள்ள இயந்திரத்திற்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும். தண்ணீரைச் சூடாக்கும் வகையோ 2,000 வாட் வரை இழுக்கும்; அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த 6 ஆம்பியர் பிளக்கு இதனைத் தாங்காது. 16 ஆம்பியர் பிளக்கும், மீட்டர் பலகையிலிருந்து தனியே இழுத்த தடித்த கம்பியும் வேண்டும். இடைப் பிளக்கினால் துளை பெரிதாகுமேயன்றிக் கம்பி தடித்துவிடாது.

அடுத்தது அழுத்தக் குறைவு. தெருக்கோடி வீட்டில் 230 வோல்ட் 180 ஆக இறங்கினால், சாதாரண மோட்டாரின் சுழற்றும் விசை நூற்றுக்கு 61 பங்காகக் குறையும். விசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நனைந்த துணியைச் சுழற்ற மாட்டாமல் மோட்டார் முனகி நின்று, மின்சாரத்தை மிகுதியாக இழுத்துச் சுருள் கருகும். பம்பு மோட்டாரில் இதனைக் கண்ட விவசாயிக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. இதற்கு மாறாக, வரும் வழியில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, சில வீடுகளில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும்.

‘ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோமே, போதாதா?’ என்று சிலர் கேட்கின்றனர். அது ஏற்ற இறக்கத்தை ஓரளவு சமன் செய்யும், உயிரைக் காக்காது. இயந்திரத்தினுள் காப்பு கெட்டு, மின்சாரம் உடற்பகுதிக்கு ஏறினால், எர்த் கம்பி இருப்பின் அது பூமிக்குச் சென்று பியூசை அறுக்கும். இல்லையேல் ஈரக் கையுடன் தொடுபவர் வழியாகச் செல்லும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுக் காப்பு சுவிட்சும் மீட்டருக்கு அடுத்து இருத்தல் நலம்.

தறிக்கும் பம்புக்கும் பெற்ற இணைப்பிலிருந்து இயந்திரத்திற்குக் கம்பி இழுப்பதையும் கண்டோம். பெற்ற நோக்கத்திற்குப் புறம்பாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் வரும். மேலும், மும்முனைக் கம்பிகளில் இரண்டைத் தவறிச் சேர்த்தால் 400 வோல்ட் பாய்ந்து இயந்திரம் அன்றே சாம்பலாகும்.

இயந்திரத்தின் விலையே சுமை, கம்பிக்கும் செலவா என்னும் முணுமுணுப்பு நியாயமானதே. ஆயின் தனியாளுக்குச் சுமையாவது கூட்டாகச் செய்தால் இலேசாகும். இதற்கன்றோ சங்கம் கண்டோம்? உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரைச் சங்கம் அமர்த்தித் தெருத் தெருவாக அங்கத்தினர் வீடுகளைச் சோதிக்கச் செய்யலாம். எர்த் குழிக்கும் பிளக்குக்கும் வேண்டிய சாமான்களை மொத்தமாக வாங்கலாம். வீட்டுக் கருவிக்குக் கடன் வழங்கும் சங்கங்கள் கம்பி வேலையையும் கடனில் சேர்த்துக் கணக்கிடலாம். அழுத்தம் குறைந்த தெருவுக்காகத் தெருவார் அனைவரும் கையொப்பமிட்டு மின் அலுவலகத்திற்கு மனுச் செய்தால், டிரான்ஸ்பார்மரின் திறனை உயர்த்தக் கோருவதற்கு வலுவிருக்கும்.

இயந்திரம் பழுதானால் மற்றொன்று வாங்கலாம். மணைப் பலகையை நம்பி நிற்பவருக்கு மாற்றில்லை. நிர்வாகக் குழுவினர் இதனை அடுத்த மகாசபையில் முதற்பொருளாக வைப்பார்களாக.