ரோமாபுரியில் காட்டியதும் காட்டாததும்

"மேனாட்டைப் பாருங்கள்! விண்ணிலே கலம் விடுகிறான். அதற்காகக் கோயிலைக் குறை கூறினானா? ரோமாபுரிக்குச் சென்று பாருங்கள். என்ன பக்தி, என்ன அடக்கம்! எவ்வளவு கண்ணுங்கருத்துமாகத் தம் மதச் சின்னங்களைக் காத்து வருகிறார்கள்! இங்கேயோ, பழமை என்றால் பாய்கிறார்கள், ஐதீகம் என்றால் அலறுகிறார்கள், பகுத்தறிவாம் பகுத்தறிவு!"

பத்து நாள் இத்தாலிப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியவர் ஒருவர், பாராட்டுக் கூட்டமொன்றில் இவ்விதம் பேசினார். நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். அவர் பொய்யுரைக்கவில்லை. கண்டதைத்தான் கூறினார். ஆனால், அவர் கண்டது அவருக்குக் காட்டப்பட்டது. காட்டப்படாதது எது என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை.

பின்னொரு நாள் நமக்கும் அந்த வாய்ப்புக் கிட்டிற்று. அதே பத்து நாள். அதே ரோமாபுரி, பிளாரன்சு, வெனிசு. மடக்குக் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னே ஓர் அம்மையார். பின்னே நாற்பது பேர். ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி. 'இடப்புறம் பாருங்கள்' என்றால் நாற்பது தலையும் இடப்புறம் திரும்பும். 'பதினைந்து நிமிடம்' என்றால் நாற்பது கைப்பேசியும் உயரும். திருவிழாக் கூட்டத்தில் தேரைப் பார்க்கும் முறையும் இதுதானே! வடம் தெரியும், கலசம் தெரியும். சக்கரத்தடியில் கட்டை போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்?

முதல் நாள் புனித பேதுரு பேராலயம். 1506-இல் தொடங்கி 1626-இல் முடிந்த கட்டடம். 120 ஆண்டு உழைப்பு! அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிறது. அழகில்லை என்று சொல்ல நமக்கென்ன, கண் இல்லையா? மைக்கலேஞ்சலோ திட்டமிட்ட அந்தக் கவிகை மாடத்தின் கீழ் நின்றபோது நாமும் வாயடைத்துத்தான் நின்றோம். கலைஞனுக்குத் தலை வணங்கினோம். ஆனால், தலை நிமிர்ந்ததும் ஒரு கேள்வி எழுந்தது: பணம் எங்கிருந்து வந்தது?

வழிகாட்டி அம்மையார் உயரம் சொன்னார், அகலம் சொன்னார். வரவு செலவு சொல்லவில்லை. நாம் சொல்வோம். இந்த ஆலயத்துக்காகத்தான் பத்தாம் லியோ என்ற போப்பாண்டவர் ஜெர்மன் நாட்டில் பாவமன்னிப்புச் சீட்டு விற்க அனுமதி தந்தார். வசூலில் பாதிதான் ரோமாபுரிக்கு; மறு பாதி, பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் என்பவர் பட்ட கடனை அடைக்க ஃபுக்கர் குடும்பத்தாரின் பணப்பெட்டிக்குச் சென்றது. ஏழை உழவன் தன் இறந்துபோன தாய்க்காகக் கொடுத்த காசு, மோட்சத்துக்குப் போகவில்லை, வட்டிக்கடைக்குப் போயிற்று! 1517-இல் மார்ட்டின் லூதர் இதை எதிர்த்து எழுதினார். ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவின் மூலப்பத்திரம் அந்தப் பளிங்குத் தரைக்கடியில் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் அதைப் படிக்க முடியுமா?

மறுநாள் பாந்தியன். ரோமானியப் பேரரசின் கட்டடக் கலைக்கு ஈடிணையற்ற சான்று. 609-இல் கிறித்தவ ஆலயமாக மாற்றப்பட்டதால் இடிபடாது தப்பிற்று. அதன் முகப்பு மண்டபத்து வெண்கல உத்திரங்களைப் பெயர்த்தெடுத்தவர் எட்டாம் அர்பன் என்ற போப்பாண்டவர்; அவற்றின் பெரும்பகுதியைப் பீரங்கி வார்க்கப் பயன்படுத்தினார். காட்டுமிராண்டிப் படைகள் விட்டுவைத்ததைக் கடவுளின் பிரதிநிதி எடுத்துக்கொண்டார்! 'சின்னங்களைக் காத்தார்கள்' என்று பெரியவர் சொன்னாரே, காத்தவர் யார், கரைத்தவர் யார் என்பதை அங்கே நின்று கேட்டிருக்கலாம்.

பாந்தியனுக்குப் பின்னே நூறடி நடந்தால் ஒரு சிறு சதுக்கம். அதன் நடுவில் ஒரு கல் யானை. முதுகில் எகிப்தியத் தூண். பெர்னினி வரைந்து கொடுத்த வடிவம், 1667-இல் நிறுவியது. யானையைக் கண்டதும் நம் கூட்டத்துக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. கோயில் வாயிலில் கண்டதுபோல் மகிழ்ந்து போய் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள். யானைக்குப் பின்னால் இருக்கும் மினர்வா ஆலயத்தை யாரும் பார்க்கவில்லை. அதை ஒட்டிய மடத்தில்தான், 1633 சூன் 22 அன்று, ஏறத்தாழ எழுபது வயதுக் கிழவர் ஒருவர் முழங்காலிட்டு, 'பூமி சுழல்கிறது என்று நான் சொன்னது தவறு' என்று வாசிக்க வைக்கப்பட்டார். அவர்தாம் கலிலியோ. அப்போது அரியணையில் இருந்தவர் அதே எட்டாம் அர்பன். வெண்கலம் எடுத்த கை, விஞ்ஞானியின் வாயையும் மூடிற்று. கலிலியோ எஞ்சிய நாளெல்லாம் பிளாரன்சை அடுத்த ஆர்ச்செத்ரியில் வீட்டுக்காவலில் கழித்து 1642-இல் மறைந்தார். தவறு நேர்ந்ததை வாட்டிகன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992-இல். பூமி அதுவரை காத்திருக்கவில்லை, சுழன்றுகொண்டுதான் இருந்தது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். காம்போ தே ஃபியோரி என்று பெயர்; பூ வயல் என்று பொருள். காலையில் காய்கறிச் சந்தை, மாலையில் மது விடுதிகளின் நாற்காலிகள். தக்காளியும் கூனைப்பூவும் குவிந்து கிடக்கும் அந்தச் சந்தை நடுவே, முக்காடிட்டுத் தலை தாழ்ந்து, கையில் நூலுடன் ஒரு வெண்கல மனிதன் நிற்கிறான். ஜியார்டானோ புரூனோ. விண்மீன்கள் ஒவ்வொன்றும் ஒரு சூரியன், உலகங்கள் எண்ணற்றவை, அண்டத்துக்கு எல்லை இல்லை என்று எழுதியவன். 1592-இல் வெனிசில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஏழாண்டு சிறையில் கிடந்தவன். அவன்மீது சாட்டிய குற்றங்களில் அண்டக் கொள்கை ஒன்று. சமயக் கோட்பாடுகளை மறுத்தது வேறு பல. 'மறுத்துச் சொல், உயிர் பிழை' என்றார்கள். மறுக்கவில்லை. 1600 பிப்ரவரி 17 அன்று, நாவை அடக்கக் கருவி பூட்டி, இதே பூ வயலில் உயிரோடு எரித்தார்கள்.

எரித்தவர்கள் என்ன ஆனார்கள்? விசாரணையில் பங்கு கொண்ட கர்தினால் பெல்லார்மீன் 1930-இல் புனிதர் ஆக்கப்பட்டார்! எரிந்தவனுக்கு? வாட்டிகனிடமிருந்து 2000-இல் ஒரு வருத்தச் சொல். அவ்வளவே.

அப்படியானால் சிலை யார் வைத்தது என்று கேட்கலாம். மக்கள் வைத்தார்கள். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை பியா வாயிலருகே மதிலை உடைத்து நுழைந்து, ரோமாபுரியில் போப்பாண்டவரின் அரசாட்சியை முடித்தது. அதன் பிறகுதான் அங்கே இப்படி ஒரு சிலையைப் பற்றிப் பேசவே முடிந்தது. மாணவர்கள் முன்னின்றனர், பொருள் திரட்டினர், 13-ஆம் லியோ கடுமையாக எதிர்த்தார், 1889-இல் சிலை எழுந்தது. 1929-இல் வாட்டிகனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முசோலினிகூட அதை அகற்ற இணங்கவில்லை. இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 17-இல் சுதந்திரச் சிந்தனையாளர்கள் அங்கே மலர் வைக்கிறார்கள். பெரியவரே, இதுவும் ரோமாபுரிதான்! இவர்களும் இத்தாலியர்தாம்!

'மதத்தைப் போற்றும் இத்தாலி' என்கிறீர்கள். அந்த இத்தாலியில் மணவிலக்குச் சட்டம் 1970-இல் வந்தது. அதை ஒழித்தே தீரவேண்டும் என்று திருச்சபை சார்ந்தோர் 1974-இல் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 59 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் 'சட்டம் இருக்கட்டும்' என்று வாக்களித்தனர். கத்தோலிக்கம் அரசு மதம் என்ற நிலையும் 1984 ஒப்பந்தத்தோடு போயிற்று. ஞாயிறன்று ஆலயத்தில் மண்டியிடுகிற பெண், திங்களன்று வாக்குச்சாவடியில் நிமிர்ந்து நிற்கிறாள். இதையல்லவா அங்கிருந்து கொண்டுவந்து நமக்குச் சொல்லியிருக்க வேண்டும்!

ரோமாபுரிக்கும் நமக்கும் உள்ள பழைய கணக்கொன்று இருக்கிறது. அதையும் இங்கே தீர்த்துவிடுவோம். மேலே சொன்ன பெல்லார்மீனின் உறவினர்தாம் ராபர்ட் தெ நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, தம்மை உயர்குலத்தார் என்று சொல்லிக்கொண்டு, பார்ப்பன சந்நியாசி முறையில் வாழ்ந்தவர். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், மதம் மாறிய மேற்குலத்தார் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு ரோமாபுரிவரை சென்றது. 1623-இல் 15-ஆம் கிரிகோரி தீர்ப்பளித்தார்: வைத்துக்கொள்ளலாம்! அது சமூக வழக்கமாம், சமயம் அல்லவாம்!

ஆண்டுகளைக் கவனிக்க வேண்டுகிறோம். 1623-இல் பூணூலுக்கு அனுமதி. 1633-இல் பூமி சுழலத் தடை. பத்தே ஆண்டு! உண்மைக்கு இடந்தர மறுத்த பீடம், சாதிக்கு இருக்கை போட்டுக் கொடுத்தது. அந்த இருக்கையின் வாரிசுதான், பின்னாளில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் எழுந்து 1910-இல் இடிக்கப்பட்ட சாதிச் சுவர். ஏசுவின் முன்னால் எல்லோரும் சமம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சமம், அந்தப் பக்கம் ஒரு சமம்!

பிளாரன்சில் சாந்தா குரோசே ஆலயம். கலிலியோவின் உடல் ஒரு மூலையறையில் 95 ஆண்டு கிடந்து, 1737-இல்தான் உரிய கல்லறைக்கு வந்தது. அப்போது யாரோ அவர் விரலை வெட்டி எடுத்துக்கொண்டனர். அந்நகர அறிவியல் காட்சியகத்தில் கண்ணாடிக் குமிழுக்குள் அது இருக்கிறது. புனிதர் எலும்பை வணங்கிப் பழகிய ஊர், விஞ்ஞானியையும் விடவில்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

அதே ஆலயத்தில் தாந்தேயின் பெயரால் பெரியதொரு கல்லறை. உள்ளே உடல் இல்லை. 1302-இல் அவரை நாடு கடத்தி, திரும்பினால் எரிப்போம் என்றது பிளாரன்சு. அவர் ராவென்னாவில் 1321-இல் இறந்தார். உடலைப் பின்னர் எத்தனை முறை கேட்டும் ராவென்னா தரவில்லை. இலத்தீனே தெய்வமொழி, மற்றவை நீசமொழி என்று கற்றோர் கருதிய காலத்தில், தாய் பேசிய மொழியில் காவியம் பாடியவர் அவர். அதில் போப்பாண்டவரையே நரகக் குழியில் தலைகீழாக நிறுத்தியவர். கவிதை வென்றது. ஆனால் வழிபாட்டில் இலத்தீன் மேலும் அறுநூறு ஆண்டு ஆண்டது. இரண்டாம் வாட்டிகன் சங்கம் 1963-இல் வழிவிட்டது. 1965 மார்ச் 7 அன்று ரோமாபுரியில் ஆறாம் பால் இத்தாலிய மொழியிலேயே பூசை செய்தார். தமிழகத்தில் மொழிக்காக இளைஞர் உயிர் ஈந்த அதே ஆண்டு! வானம் இடிந்து விழவில்லை. தேவன் புரியாமல் விழிக்கவும் இல்லை. 'கோயிலில் தமிழா?' என்று இன்றும் முகஞ்சுளிப்போர், ரோமாபுரியின் இந்தப் பாடத்தை மட்டும் ஏன் மூட்டையில் கட்டி வருவதில்லை?

வெனிசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீர் வழி, ஓடம், நெரிசல். பகல் நேர விருந்தினருக்கு நெரிசல் நாட்களில் நுழைவுக் கட்டணம் 2024-இல் தொடங்கிற்று. யூதரை இரவில் பூட்டி வைத்து, காவலுக்குரிய கூலியையும் அவர்களிடமே வாங்கிய 'கெட்டோ' 1516-இல் இங்கேதான் பிறந்தது. உலகத்துச் சேரிகளுக்கெல்லாம் இன்று வழங்கும் அந்தச் சொல் இந்நகரம் தந்தது. நம் கூட்டம் கண்ணாடி மணி வாங்கப் போயிருந்ததால், நாம் தனியே சென்று பார்த்து வந்தோம். வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே மேற்கே மாந்துவா மாவட்டத்தில் இருக்கிறது. எகர ஏகாரக் குழப்பம் தீர நமக்கு எழுத்து திருத்தித் தந்த மனிதரின் ஊர். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அதைக் காணோம். போக முடியாத குறை நமக்கு இன்னும் இருக்கிறது.

திரும்பியதும் அந்தப் பெரியவரைக் கண்டோம். எடுத்து வந்த படங்களைக் காட்டினோம். பூ வயல் படம் வந்ததும் முகம் மலர்ந்தார். "இதே இடத்தில்தான் அமர்ந்து காப்பி அருந்தினோம். முக்காடிட்ட இந்த முனிவர் யார்?" என்றார். சொன்னோம். படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாள் சொல்லவில்லையே" என்றார்.