'வாரண்ட் ரெடி' என்று போனில் புருடா!

"கோர்ட்டுல இருந்து பேசுறேன். வாரண்ட் ரெடி. சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா போலீஸ் வரும்!"

வங்கிக் கடனில் தவணை தவறியவர்களுக்கு இப்படி போன் வருகிறது. பேசுவது கோர்ட்டும் அல்ல, போலீசும் அல்ல. வசூல் ஏஜென்சி ஆசாமி!

வெறும் கடன் பாக்கிக்காக போலீஸ் கைது செய்ய முடியாது. வங்கி சிவில் வழக்குதான் போட வேண்டும். (கொடுத்த செக் திரும்பி வந்தால் கதை வேறு.) கோர்ட் சம்மன் அனுப்பும், போனில் பேரம் பேசாது.

காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்கு போன் செய்யக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொன்னது. ஏஜென்சி செய்யும் அட்டூழியத்துக்கு வங்கியே பொறுப்பு. "எங்களுக்குத் தெரியாது" என்று மானேஜர் கைகழுவ முடியாது.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். அதற்காக, பொய் வாரண்டுக்கு நடுங்கி தாலியை அடகு வைப்பானேன்? "உங்க பேரு என்ன, எந்த ஏஜென்சி? எழுத்துல அனுப்புங்க" என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் பைசா கொடுக்காதீர்கள். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது.