பஸ்ஸுக்கு அளவான கதை

பிரான்ஸ் நாட்டின் கிரனோபிள் நகரில் 2015ஆம் ஆண்டு பொது இடங்களில் ஒரு புதுமையான இயந்திரத்தை வைத்தார்கள். 1, 3, 5 என்று மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால், கடைப் பற்றுச்சீட்டு போன்ற நீளக் கடதாசியில் அத்தனை நிமிடத்தில் வாசிக்கக்கூடிய ஒரு கதை அச்சாகி வரும். காசு கிடையாது. பின்னர் அந்நாட்டுப் புகையிரத நிலையங்களுக்கும் அது வந்தது. நியூயோர்க்கில் 2016இல் ஒரு பதிப்பகம், நிலக்கீழ்ப் புகையிரதப் பயணிகளுக்குப் பயண நேரத்துக்கு அளவான வாசிப்பைக் கைத்தொலைபேசியில் சில வாரங்கள் இலவசமாகக் கொடுத்தது.

எனக்குப் பிடித்தது அந்த நிமிடக் கணக்குத்தான். "வாசிக்க எங்கே நேரம்?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பலருக்கு, "அம்மா, சொக்ஸ் எங்கே?" என்று யாரும் கூப்பிடாத அரை மணித்தியாலம் பஸ்ஸில்தான்.

அதற்கு நமக்கு இயந்திரம் வேண்டாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. டொமினிக் ஜீவா நடத்திய 'மல்லிகை' இதழ்களும் அங்கே உண்டு. அதில் ஒரு சிறுகதை ஒரு பஸ் பயணத்துக்குக் காணும். ஒரு சிரமம்: பெரும்பாலானவை பக்கங்களைப் படமெடுத்துப் போட்டவை. சின்னத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் வரிக்கு வரி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். குலுங்கும் பஸ்ஸில் தலை சுற்றும். 1998இல் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' நூல்களைத் தட்டச்சுச் செய்தே போடுவதால் கண்ணுக்கு இலகு. ஆனால் அங்கு பழைய இலக்கியமே அதிகம்.

ஒலிப்புத்தகம் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம்தான். ஆனால் நம் நாட்டில் ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பின்னால் நிற்பவன் நெருங்குவதை உணரக் காதும் வேண்டும். ஒரு காதை மட்டும் மூடுங்கள். கம்பியைப் பிடித்து நிற்கும்போது இரண்டும் வேண்டாம். தொலைபேசி கைப்பைக்குள்ளேயே இருக்கட்டும். (சாரதி போடும் பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பது வேறு கதை.)

உங்கள் மாதர் சங்கத்தில் தட்டச்சுத் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். ஊர் எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டு, கிழமைக்கு ஒரு சிறுகதையைப் பெரிய எழுத்தில் தட்டச்சுச் செய்து, மேலே "15 நிமிடம்" என்று போட்டு, வட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு அனுப்பினால் நல்லது. திங்கள் காலைப் பஸ்ஸுக்கு முன்பே தொலைபேசியில் இறங்கியிருக்கும். வழியில் டேட்டாவும் செலவாகாது.