மிஷின் கொடுத்தால் போதுமா? கேனும் பயிற்சியும் எங்கே?

விவசாயப் பெருங்குடி மக்களே! விவசாயத் தொழிலாளர்களே!

மாடு கட்டி உழுத காலம் போச்சு. பவர் வீடர், விசைத்தெளிப்பான், புல் வெட்டும் மிஷின் இல்லாமல் இன்றைக்கு வேலை ஓடாது. அரசு மானியம் தருகிறது, சந்தோஷம். போட்டோ எடுத்து மிஷினை ஒப்படைக்கிற அதிகாரிகள், அதில் எப்படிப் பெட்ரோல் ஊத்தணும்னு ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

போன கோடையில் எங்க ஊரில் நடந்தது. பாதி வயலில் வீடர் நின்னு போச்சு. ஓட்டின தம்பி, சூடு ஆறுமுன்னே தண்ணி பாட்டிலில் இருந்த பெட்ரோலை ஊத்தினார். வழிந்தது சைலன்ஸரில் பட்டு குப்புனு பத்திக்கிச்சு. இரண்டு கையும் வெந்து ஒரு போகம் முழுக்க வீட்டில் கிடந்தார். விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனது ஒரே சொல்: "கவனக்குறைவு".

யாருடைய கவனக்குறைவு? மிஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில். கேன் கொடுக்கவில்லை. பங்க்கில் கேனைக் கொண்டுபோனால் விரட்டுகிறார்கள். இருட்டினதும் அதே பங்க்கில் தண்ணி பாட்டிலில் பிடித்துத் தருகிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது? 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். ஆனால் இறுக்கி மூடிய, 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கேனில் இருக்கணும். கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லியாகணும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் தூரத்துப் பீடி நெருப்பையும் பிடிக்கும். ஆகவே:

* இன்ஜினை நிறுத்தி, நல்லா ஆறவிட்டு, வெட்டவெளியில் ஊத்துங்க. பீடி, செல்போன் தள்ளி இருக்கட்டும்.
* பங்க்கில் கேனை வண்டி மேல் வைத்துப் பிடிக்காதீங்க. தரையில் இறக்கி, குழாய் முனை கேனைத் தொட்டபடி மெதுவாகப் பிடியுங்க. இல்லைன்னா நிலைமின்சாரப் பொறியே போதும்.
* டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீங்க. சிந்தினால் துடைத்து, மிஷினைத் தள்ளி வைத்தபிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.
* தீப்பிடித்தால் தண்ணி ஊத்தாதீங்க. பெட்ரோல் தண்ணி மேல் மிதந்து தீ பரவும். மணலைக் கொட்டுங்க.

நாம் திருந்துவோம். அரசும் திருந்தணும்! எங்கள் கோரிக்கைகள்:

1. மானிய மிஷின் ஒவ்வொன்றோடும் உலோகக் கேன், தமிழில் கையேடு, அரைநாள் செய்முறைப் பயிற்சி கொடு! ஓட்டுகிற தொழிலாளிக்கும் பயிற்சி கொடு!
2. முறையான கேனோடு வரும் விவசாயியை பங்க்குகள் திருப்பி அனுப்பாதபடி உத்தரவு போடு!
3. தீக்காயம் பட்டவருக்குச் சிகிச்சைச் செலவும், வேலையிழந்த நாளுக்குக் கூலியும் கொடு!

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். பதில் இல்லையென்றால், காலித் தண்ணி பாட்டில்களை மாலையாகக் கோர்த்து, வேளாண் பொறியியல் அலுவலக வாசலில் உட்காருவோம். குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

மானியம் பிச்சையல்ல! பாதுகாப்பு சலுகையல்ல, உரிமை!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்