ரீமிக்ஸ் தப்பில்லை மக்களே, பேரை முழுங்கறதுதான் தப்பு!

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால மதியச் சாப்பாட்டு மேசையில ஒரு பெரிய சண்டை. பழைய பாட்டைத் தொடறவன் கையை வெட்டணும்னு ஒரு கோஷ்டி. "காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் போங்க பெருசு"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டத்தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒரு பாவமன்னிப்பு.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். அம்மாவோட தம்பி மில்லுல ஷிப்டு பார்த்துக்கிட்டே மெல்லிசைக் குழுவில் டிரம்பெட் வாசிச்சவர். 2008 பங்குனியில ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோவில் பூக்குழி சமயம், ஒரு தெருவுல அவங்க கச்சேரி. எனக்கு வயசு பத்து. மாமா 'பொன்மகள் வந்தாள்' பாட்டை வாசிச்சுட்டு இறங்கி வந்தார். நான் ஓடிப்போய், "மாமா, தப்பா வாசிச்சுட்டீங்க. விஜய் படத்துல இப்படி வராது"ன்னேன்.

குழுவே விழுந்து விழுந்து சிரிச்சது. மாமா மட்டும் சிரிக்கல. "ஆமா மருமகனே, அவங்க மாத்திட்டாங்க"ன்னு சொல்லிட்டு டிரம்பெட்டைத் துணியால துடைச்சுப் பெட்டியில வச்சார். ராஜபாளையம் பஸ் ஏறுற வரைக்கும் வேற எதுவும் பேசல. பால்கோவா மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பாட்டு 1970-ல வந்த 'சொர்க்கம்' படத்தோடது. எழுதினவர் ஆலங்குடி சோமு, இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பாடினவர் டி.எம்.எஸ்., திரையில சிவாஜி. 2007-ல 'அழகிய தமிழ்மகன்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் அதை மறுபடி செஞ்சார். என் வயசுப் பசங்க பாதிப் பேருக்கு அதுதான் முதல் 'பொன்மகள்'. அதே வருஷம்தான் யுவன் 'மை நேம் இஸ் பில்லா'வைத் தூசு தட்டினார். அதோட மூலம் 1980 'பில்லா', அதுவும் எம்.எஸ்.வி.தான்.

இப்ப முதல் கோஷ்டிக்கு வர்றேன். பழசைத் தொடவே கூடாதுங்கறீங்களே, மார்கழியில சபாவுல உட்கார்ந்து திருப்பாவைக்கு உருகுறீங்களே, அந்த மெட்டு ஆண்டாள் போட்டதா? கச்சேரிகள்ல இன்னிக்குப் பரவலாப் பாடற மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைச்சது. அவர் வாழ்ந்தது 1890 முதல் 1967 வரை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொண்ணு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதின வரிக்கு, போன நூற்றாண்டு மனுஷன் போட்ட மெட்டு. யாராவது அரியக்குடி கையை வெட்டணும்னு சொன்னீங்களா?

எம்.எஸ்.வி. மட்டும் வானத்துல இருந்தா குதிச்சார்? அமெரிக்க ஸ்விங் வாத்தியக் குழுக்களோட பித்தளை முழக்கம், லத்தீன் தாளம் எல்லாத்தையும் காதுல வாங்கித் தமிழாக்கினவர் அவர். 1964 'சர்வர் சுந்தரம்' படத்துல 'அவளுக்கென்ன' கேளுங்க. கடன் வாங்கினதை வெட்கப்படாம சொந்தமாக்கறதுன்னா அதுதான்.

அடுத்து ரெண்டாவது கோஷ்டி. மாத்தலாம் சாமி, ஆனா எதையாவது மாத்துங்க! 'ப்ளூ மூன்'னு ஒரு பாட்டு. 1934-ல ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மெட்டு, லாரன்ஸ் ஹார்ட் வரி. 1961-ல மார்செல்ஸ்னு ஒரு பசங்க குழு அந்த மெதுவான காதல் பாட்டைத் தலைகீழாக் கவுத்துடுச்சு. அடிக்குரல்காரர் அர்த்தமில்லாத அசைகளை அடுக்கி ஆரம்பிப்பார் பாருங்க, சிரிப்பு வந்துடும். நம்ம ஊர்லயும் உண்டு. 1964 'படகோட்டி'யில வாலி எழுதின 'தொட்டால் பூ மலரும்' வரிகளை எடுத்து, 2004-ல 'நியூ' படத்துக்கு ரஹ்மான் புது மெட்டே போட்டார். அது ரசனை. பழைய மெட்டுக்கு அடியில தடதடன்னு ஒரு தாளத்தைச் சொருகறது வெறும் பெயிண்ட் அடிக்கிற வேலை. ரஹ்மான் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, நானும் உங்க கட்சிதான் :-)

ஆனா என் கோபம் ரசனை பத்தினது இல்ல.

திருப்பாவை முப்பதாவது பாசுரத்துல ஆண்டாள் தன் பேரையும் அப்பா பேரையும் பாட்டுக்குள்ளயே வச்சுட்டா. எவன் மெட்டை மாத்தினாலும், எந்த ராகத்துல பாடினாலும் கோதைங்கற பேரைப் பிடுங்க முடியாது. அந்த வசதி ஆலங்குடி சோமுவுக்கு இல்ல. வாத்தியக்காரங்களுக்குச் சுத்தமா இல்ல. 'அவளுக்கென்ன' ஆரம்பத்துல ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுவாங்க. எம்.எஸ்.வி. தெரிவார், வாசிக்கிறவங்க முகமெல்லாம் தெரியும். அதுல நாலு பேர் பேரு சொல்லுங்க பார்ப்போம்?

சட்டம் இருக்கு, தெரியுமா? 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தத்துல வந்த 38பி பிரிவு, வாசிச்ச கலைஞருக்கும் தன்னை அடையாளம் காட்டச் சொல்லிக் கேக்கற உரிமை உண்டுன்னு சொல்லுது. கூடவே ஒரு வாலும் வச்சிருக்காங்க: பயன்படுத்தற விதம் இடம் கொடுக்கலைன்னா பேரை விட்டுடலாம். அந்த ஓட்டையில யானையே போகும். படத்துல இடமில்ல, கேசட் அட்டையில இடமில்லைன்னு அப்ப சொன்னா ஒத்துக்கலாம். இப்ப கைபேசி ஆப்ல எழுத்துக்கு என்ன பஞ்சம்? பாட்டைத் தட்டினா பாடகர் பேர் வருது, இசையமைப்பாளர் பேர் வருது. டிரம்பெட் வாசிச்சவர் பேர் வருதா? ராயல்டி சண்டைன்னா கோர்ட் வரைக்கும் போறாங்க, போகட்டும், நியாயம்தான். இந்தப் பேருக்காக யாரும் போனதா நான் கேள்விப்படல.

மாமா இப்ப வாசிக்கறதில்ல. கீபோர்டுல ஒரு பட்டன் தட்டினா பித்தளைச் சத்தம் வருதுன்னு குழுவில் அந்த இடத்தையே எடுத்துட்டாங்க. பெட்டி பரண்ல கிடக்கு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, "மாமா, 'பொன்மகள்'ல டிரம்பெட் யாரு?"ன்னு கேட்டேன். "அது தெரிஞ்சிருந்தா அப்பவே மெட்ராஸ் போய் அவர் காலைத் தொட்டிருப்பேனே மருமகனே"ன்னார். இருபது வருஷம் அந்த ஆளோட மூச்சைப் பார்த்து மூச்சு விட்டவர், பேரு தெரியாமலே பெட்டியை மூடிட்டார்.

அதனால பதிவர்களே, அடுத்த தடவை ரீமிக்ஸைப் பாராட்டினாலும் சரி, கிழிச்சாலும் சரி, எழுதினவர் பேரோட ஆரம்பிங்க. வாத்தியக்காரர் பேரு தெரிஞ்சா அதையும் போடுங்க. மாமாவுக்குக் காட்டணும்.

டிஸ்கி: பத்து வயசுல நான் சொன்ன அந்த 'தப்பா வாசிச்சுட்டீங்க'வை இன்னும் வாபஸ் வாங்கல. இந்தப் பதிவை அதுக்காகவும் வச்சுக்கோங்க.