கை படாத சித்திரம்

ஓவியன் கை படாத சித்திரம் சித்திரமே அல்ல என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, ரப்பர் பட்டையால் மையை வழித்துச் சதுரமும் வட்டமுமாக அச்சிட்டுத் தருகிறானே, இதுவும் கலையா என்று சிரிக்கிறார்கள்.

இவர்களை ஒன்று கேட்கிறேன். என் நாவலைப் படிக்கிறீர்களே, அதில் ஒரு பக்கத்தையாவது நான் என் கையால் அச்சடித்தேனா? கையெழுத்துப் பிரதிதான் வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் பிடிவாதம் பிடித்ததில்லையே! கதைக்குள்ள நியாயம் சித்திரத்துக்கு மட்டும் கிடையாதா?

ஜெர்மனியிலிருந்து 1933-இல் அமெரிக்கா சென்ற ஜோஸஃப் ஆல்பர்ஸ், 1950 முதல் 1976-இல் காலமாகும்வரை, சதுரத்துக்குள் சதுரமாகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். பித்தல்ல அது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தோன்றும் என்பதே அவர் கண்ட உண்மை. ஒரே பழுப்பு, மஞ்சள் நடுவே இருண்டும் கருநீலத்தின் நடுவே வெளுத்தும் தெரியும். தூரிகையால் இரண்டு இடத்தில் தீட்டிக் காட்டினால், கலவையில் எங்கோ பிசகு என்று சந்தேகிப்போம். திரை அச்சிலோ ஒரே மையை ஒரே வழிப்பில் இரண்டு இடத்திலும் இட்டுவிடலாம். ஏமாந்தது நம் கண்தான் என்று ஒப்புக்கொள்ளாமல் தப்ப முடியாது. 1963-இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய வண்ண நூலின் படங்களைத் திரை அச்சில் போட்டது எவ்வளவு பொருத்தம்!

எனக்கும் ஒரு கோபம் உண்டு. அது ஓவியன்மேல் அல்ல, வியாபாரத்தின்மேல். ஒரே ஒரு பிரதி என்ற கௌரவம் ஒழிய வேண்டும், படம் பல வீடுகளுக்கும் போக வேண்டும் என்று பிரான்ஸில் வஸரேலி வாதாடினார். நடந்தது என்ன? அவர் படங்களையும் எண்ணி எடுத்து, மூலையில் பென்சிலால் இலக்கமிட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கில் தரக்கூடிய திரையை நூறு, நூற்றைம்பதோடு நிறுத்துவது துணி தேய்ந்ததாலா? விலை தேயக்கூடாது என்பதால்தான்!

ஆல்பர்ஸின் அந்த வண்ண நூலே 1971-இல் சில படங்களோடு மலிவுப் பதிப்பாக வந்து மாணவர்களிடையே பரவியது. அவர் புகழ் குறைந்ததா, வளர்ந்ததா? நூறு பிரதியோடு என் நாவலை நிறுத்திக்கொண்டு விலையை ஏற்றினால் என்னைச் சும்மா விடுவீர்களா?

ஆகவே, அவன் கை படவில்லையே என்று அங்கலாய்ப்பதை விடுங்கள். அது ஏன் நம் கைக்கு எட்டவில்லை என்று கேளுங்கள்.