‘சிஸ்டம் ஏத்துக்கல’ என்பது விதியல்ல

கடையம் பக்கம் நாங்கள் சந்திக்கும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் பலர் உதவித்தொகைக்கு அலைந்தபோது கேட்ட பதில் இது: “சிஸ்டம் ஏத்துக்கல, போயிட்டு வா.” சாதிச் சான்றிதழில் இனிஷியலுக்குப் பின் புள்ளி இருக்கும், ஆதாரில் இருக்காது. விண்ணப்பம் திரும்பிவிடும்.

ஏன் ஏற்கவில்லை என்று கணினி அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளிடமே கேட்டோம். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தவறு அவர்களுடையதல்ல. புரோகிராமை மனப்பாடம் செய்து, லேப் ரெக்கார்டில் அவுட்புட்டைப் பார்த்து எழுதினாலே மதிப்பெண் வந்துவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வகுப்பறை பழக்கவில்லை.

ஒரு மாலை ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டோம். ‘கடையம்’ நமக்கு நான்கு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 6 என்கிறது. க, ட, ஐகாரக் குறி, ய, ம, மெய்ப்புள்ளி என ஆறையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் ஓர் எண். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஆளுக்கு 3 பைட், மொத்தம் 18 பைட். அதற்கும் கீழே 144 பிட். எல்லாம் 0 அல்லது 1.

இடைவெளிக்கும் எண் உண்டு, 32. இனிஷியல் புள்ளிக்கு 46. இரண்டு பெயர்களை அப்படியே ஒப்பிடும் புரோகிராம் இந்த எண்களைத்தான் பார்க்கிறது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதற்கு அது வேறு பெயர். ‘புள்ளியையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு ஒப்பிடு’ என்று ஓரிரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை எழுதாமல் விட்டது இயந்திரமல்ல, மனிதர்.

தமிழெழுத்தை இப்படிப் பிரித்து வைத்ததும் மனித முடிவுதான். 1988-இன் இஸ்கி முறையைப் பின்பற்றித்தான் யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள். இது தமிழுக்குப் பொருந்தாது என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. அடிவரை தெரிந்தவர்களால்தான் அந்த வாதத்தை வைக்க முடிந்தது.

“முதலில் வேலை கிடைக்கட்டும், ஆழமெல்லாம் அப்புறம்” என்பார்கள் சில தோழர்கள். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைக்கும் வீட்டின் அவசரம் நமக்கும் தெரியும். ஆனால் மேலோட்டமான கோடை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. அதை மட்டும் கற்றவரே முதலில் வெளியேற்றப்படுவார். ஆழத்துக்குப் பட்டமும் கட்டாயமில்லை. பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, பிளஸ் டூ முடித்தவர்களையே பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது.

திறமை வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தலித் பொறியாளர் ஒருவரிடம் பாகுபாடு காட்டியதாகக் குற்றம்சாட்டி சிஸ்கோ மீது கலிஃபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடர்ந்தது 2020-இல்தான். கணினி அறிவு அந்தப் போராட்டத்துக்கு மாற்று அல்ல. அதற்கு இன்னொரு கருவி.

இயற்கை என்று நம்பவைக்கப்பட்ட விதிகளை மனிதர்தான் எழுதினார்கள் என்று காட்டினார் அம்பேத்கர். மென்பொருளிடமும் அதே கேள்வியைக் கேட்போம். இன்றே உங்கள் பெயரைப் பைத்தானில் கொடுத்து நீளம் பாருங்கள். ஏன் அந்த எண் என்று கண்டுபிடியுங்கள். அடுத்த முறை “சிஸ்டம் ஏத்துக்கல” என்றால், எந்த விதியால் ஏற்கவில்லை, அதை யார் வகுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஜெய்பீம்!